வர்த்தக ஒப்பந்தத்தில் நம் சரக்கு எந்தப் பட்டியலில் இருக்கிறது?

மிளகு விலை இறங்கினால் ஏற்காட்டிலும், கொலுசு ஆர்டர் குறைந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் வர்த்தக ஒப்பந்தத்தைத்தான் முதலில் திட்டுகிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் எந்த விதி நம்மைத் தொடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாட்டுக்குத் தரும் வரிச் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும். சில நாடுகள் மட்டும் தங்களுக்குள் சலுகை கொடுத்துக்கொள்ளும் வட்டார ஒப்பந்தம் அதற்கு அனுமதிக்கப்பட்ட விலக்கு. 2001-ல் அந்த அமைப்பு தொடங்கிய தோஹா வர்த்தகப் பேச்சு முடங்கியதும் நாடுகள் சின்னக் கூட்டங்களாகப் பேசி முடிக்கத் தொடங்கின. பயமும் ஒரு காரணம்: போட்டி நாடு வரியில்லாமல் துண்டு விற்கும் சந்தையில் நாம் வரி கட்டி விற்க முடியாது. அரசியலும் உண்டு. 1951-ல் ஆறு ஐரோப்பிய நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்தது இன்னொரு போர் வரக்கூடாது என்பதற்காக.

கையெழுத்திடும்போதே ஒவ்வொரு நாடும் தன் பலவீனமான சரக்குகளுக்கு வேலி போட்டுக்கொள்ளும். வியட்நாம், தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் 2010 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு ஒப்பந்தத்தில் இந்தியா மிளகு இறக்குமதி வரியை 70-லிருந்து 50 சதவீதத்துக்கும், காபி வரியை 100-லிருந்து 45-க்கும் படிப்படியாகக் குறைக்க மட்டுமே ஒத்துக்கொண்டது. ஆகவே, வியட்நாம் மிளகு வரியில்லாமல் வருகிறது என்ற பேச்சு தவறு. ஓட்டை வேறு இடத்தில். இலங்கை மிளகுக்கு, தெற்காசிய நாடுகளின் ஒப்பந்தமான சாஃப்டாவில் 8 சதவீத வரி. இந்தியா-இலங்கை இருதரப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரையில் வரியே இல்லை. 50-க்கும் 8-க்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், வியட்நாம் மூட்டையில் இலங்கைப் பெயர் ஏறத்தான் செய்யும். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்த பின்னணி இதுதான்.

இதைத் தடுக்கவே, சரக்கு உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் மூல விதி. ஆசியான் ஒப்பந்தப்படி, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளில் செய்த சரக்கானால், அதன் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாக வேண்டும். சரக்கின் வகையைச் சொல்லும் ஆறு இலக்க சுங்கக் குறியீடும் மூலப்பொருளின் குறியீட்டிலிருந்து மாற வேண்டும். கொலுசுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலையில் பெரும்பங்கு வெள்ளி, கூலி சொற்பம். வேறு நாட்டுக் கட்டி வெள்ளியை உருக்கிச் செய்த சாதாரணக் கொலுசு 35-ஐத் தொடுவது கடினம். தாய்லாந்திலிருந்து வெள்ளி நகை குவிந்ததால் 2025 செப்டம்பரில் மத்திய அரசு அந்த இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது.

இறக்குமதி செய்பவருக்கு 2020 செப்டம்பர் 21 முதல் மூலச் சான்றிதழ் மட்டும் போதாது. சரக்கு எப்படித் தயாரானது, மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரங்களைக் கையில் வைத்திருந்து ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். சுங்கம் கேட்டு, தர முடியாவிட்டால் சலுகை போய்விடும்.

ஏற்றுமதி செய்பவர்கள் சறுக்குவது சின்ன விஷயங்களில். இன்வாய்ஸில் ஒரு சுங்கக் குறியீடு, மூலச் சான்றிதழில் வேறு. சரக்கு விவரம் பொருந்தாமை. மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறியும் முழுப் பயணத்துக்கான பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) இல்லாமை. சுங்கக் குறியீடு வெள்ளி நகைக்கு 7113.11, காயவைத்த முழு மிளகுக்கு 0904.11. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் செலவுக் கணக்கையும் வெள்ளி வாங்கிய பில்லையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். அமீரகத்துக்கு அனுப்புபவர்களுக்கு இது பணம்: 2022 மே 1 முதல் இந்திய நகைக்கு அங்கே இருந்த 5 சதவீத வரி இல்லை, ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கான சான்றிதழ் இருந்தால்தான்.