பட்டுக்கும் படச்சுருளுக்கும் ஒரே சாயம்: பட்டறை நடத்துவோர் கவனத்துக்கு

படச்சுருளைக் கையால் கழுவிப் படம் வரவைப்பது (டெவலப் செய்வது), அதற்கும் துணிக்கும் தாவரச் சாயம் ஏற்றுவது என்று இரண்டையும் சேர்த்து நடத்தும் பொதுப் பட்டறைகளின் அறிவிப்பில் 'ரசாயனம் இல்லாத' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதை எடுத்துவிடுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். படிகாரம் ரசாயனம். சலவைச் சோடா ரசாயனம். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் ரசாயனம்தான். அந்தச் சொல்லை நம்பி வருபவர் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவார்.

இரண்டு வேலைகளும் சேரும் இடம் ஜெலட்டின். படச்சுருளில் வெள்ளித் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த மெல்லிய பூச்சுதான். பட்டைப் போல, கம்பளியைப் போல அதுவும் புரதம். அதனால் பட்டில் ஏறும் பல சாயங்கள் சுருளிலும் ஏறும். பருத்தி அப்படியல்ல, முதலில் துவர்ப்புக் கொடுத்தால்தான், சாயத்தை நூலில் நிற்கவைக்கும் படிகாரத்தை நன்றாகப் பிடிக்கும். ஒரு கிலோ உலர்ந்த பருத்தித் துணிக்கு 200 கிராம் கடுக்காய்த்தூள், பிழிந்து உலர்த்திய பிறகு 150 கிராம் படிகாரம் என்பது நம்பகமான அளவு. சுருளுக்குக் கடுக்காய் வேண்டாம். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. இதைப் பங்கேற்பாளர்களிடம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

சாயம் ஏற்றிப் பழக நிறமற்ற லீடர் சுருளை (படத்தின் முன்னால் ஒட்டும் வெற்றுச் சுருள்) வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஜெலட்டினே இருக்காது. வெறும் அசிட்டேட்டிலோ பாலியெஸ்டரிலோ சாயம் பிடிக்காமல் வழிந்துவிடும். ஈர விரலால் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம் ஜெலட்டின். காலாவதியான கறுப்பு வெள்ளைச் சுருளை டெவலப் செய்யாமல் நேரே ஹைப்போவில் தெளியவிட்டுக் கழுவினால், ஜெலட்டின் உள்ள தெளிவான சுருள் கிடைக்கும்.

சுருளில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பருக்குப் பலரும் காபியை எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், பால் சர்க்கரை சேராத இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், இதே வரிசையில். ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு, 20 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம். வேலை செய்வது காஃபீன் அல்ல, காபியில் உள்ள காஃபிக் அமிலம் முதலான பினால்கள். அதனால் காஃபீன் நீக்கிய காபியும் போதும். கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

படம் வெளிறிப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோடாவை. படிகச் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 54 கிராமுக்குப் பதிலாக ஏறக்குறைய 146 கிராம் வேண்டும். சமையல் சோடா வேறு பொருள், அதன் காரம் இதற்குப் போதாது. அடுத்த தவறு, டெவலப்பரின் வேலையை நிறுத்த, எடுத்தவுடன் வினிகரில் போடுவது. ஜெலட்டினுக்குள் ஊறிய சோடா அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகப் பொங்கி, பூச்சில் ஊசித்துளைகள் போடக்கூடும். வெறும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி ஹைப்போவுக்குப் போகலாம்.

ஹைப்போவுக்குப் பிறகு கழுவும் வேலையில் பொறுமை வேண்டும். மிச்சமிருக்கும் ஹைப்போ நாளடைவில் படத்தைப் பழுப்பாக்கி அழிக்கும். மிச்சமிருக்கும் காரமோ சாயத்தையே மாற்றிவிடும். மஞ்சள் கிழங்கின் சாயம் ஏற்றிய சுருள் செம்பழுப்பாகத் திரும்பினால் கோளாறு மஞ்சளில் இல்லை, கழுவாமல் விட்ட சோடாவில்.

துணிச் சாயக்காரர்கள் சுருளிடம் தோற்பது சூட்டில். சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேருக்குத் துணியை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கலாம். அந்தத் தொட்டியில் சுருளைப் போட்டால் ஜெலட்டின் கூழாகி வழித்துக்கொண்டு வந்துவிடும். சாயத்தைத் தனியே காய்ச்சி, இரட்டிப்பு அடர்த்தியாக வற்றவிட்டு, 24 டிகிரிக்குக் கீழே ஆறவைத்த பிறகே சுருளை இறக்குங்கள். அரை மணி நேரத்தில் ஏறுவதும் உண்டு, ஓர் இரவு பிடிப்பதும் உண்டு. முதலில் ஒரு சாண் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். படிகாரக் கரைசலில் முன்கூட்டியே நனைத்தால் ஜெலட்டின் சற்று இறுகும், நிறமும் நன்றாகப் பிடிக்கும். துணிக்கும் சுருளுக்கும் ஒரே படிகாரம் இரண்டு விதமாக உதவுவது இந்த வேலையில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம்.

சாயத்தைக் காபி வடிதாளில் வடிகட்டாமல் விடாதீர்கள். 16 மி.மீ. சுருளில் ஒரு சட்டத்தின் (ஃபிரேமின்) அகலம் சுமார் 10 மி.மீ. அதை இரண்டு மீட்டர் திரையில் காட்டும்போது, 0.1 மி.மீ. வேர்த்துணுக்கு இரண்டு சென்டிமீட்டர் கறையாகத் தெரியும்.

இனி ஆபத்தானவை. பழைய சாயக் குறிப்புகளில் நிறமூன்றியாகவும் (படிகாரம் போல நிறத்தைப் பிடிக்கவைக்கும் பொருள்), நெகட்டிவுக்குப் பதில் நேரே பாசிட்டிவ் படம் தரும் ரிவர்சல் முறையின் பழைய குறிப்புகளில் ப்ளீச்சாகவும் பொட்டாசியம் டைகுரோமேட் வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பொதுப் பட்டறைக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) துணி எடையில் 1 முதல் 2 சதவீதத்தைத் தாண்டினால் நூல் இற்றுப்போகும். சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பூட்டி வையுங்கள். பங்கேற்பாளர்கள் பறித்து வரும் பூவையும் இலையையும் பெயர் தெரியாமல் கொதிக்க வைக்காதீர்கள். அரளியும் ஊமத்தையும் பார்க்க அழகான பூக்கள், இரண்டும் கொடிய விஷம். ஹைப்போவில் அமிலம் கலந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாயத்துக்கும் படத்துக்கும் எடுத்த பாத்திரம் மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. சாக்கடையில் ஊற்றாமல் மூடிபோட்ட கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே பட்டறைக் கட்டணத்தில் சேர்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கேன்தான் கடைசியில் வடிகாலுக்குப் போகிறது.

எந்தச் சாயம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவுரியும் மஞ்சிட்டியும் தாங்கும். மஞ்சள் வெயிலில் விரைவில் வெளுக்கும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் சில நாள் அழகு மட்டுமே. ஒளி பட்டால் தாவர நிறம் வெளுக்கும் என்பதை வைத்தே 1842இல் ஜான் ஹெர்ஷல் பூச்சாற்றில் படம் அச்சிட்டார். புரொஜெக்டர் விளக்கும் அதே வேலையைத்தான் செய்யும். எனவே சுருள் உலர்ந்ததும் முதலில் ஸ்கேன், பிறகு திரையிடல். வீட்டுக்குக் கொண்டுபோகும் துண்டோடு தாவரம், நிறமூன்றி, ஊறிய நேரம், தேதி எழுதிய சீட்டு ஒன்றையும் கட்டிக் கொடுங்கள்.