சித்திரையில் வயல் ஏன் வெள்ளை பூக்கிறது?

நாகை மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தை கடைசியில் சம்பா அறுத்தபோது நிலம் கருகருவென்று நன்றாகத்தான் இருந்ததாம். சித்திரையில் போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி உப்பு பூத்துக் கிடக்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வரவேயில்லை, அப்புறம் உப்பு எங்கிருந்து வந்தது? பக்கத்து வயல்காரர் கண் பட்டிருக்கும் என்று சொல்லி, பேச்சு எலுமிச்சம்பழம் வரை போயிருக்கிறது.

எலுமிச்சம்பழத்தைச் சாறு பிழிந்து குடியுங்கள், வெயிலுக்கு நல்லது.

கடலோரத்தில் உப்பு என்றதும் நமக்கெல்லாம் சுனாமிதான் ஞாபகம் வரும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல் தண்ணீர் 2004 டிசம்பர் 26 அன்று நாகை வயல்களில் ஏறியது. இனிப் பல வருடம் விளையாது என்று பயந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 2005 ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்ததில் அதில் பெரும்பகுதி கரைந்து போய்விட்டது. மேலே வந்து விழுந்த உப்பை மழை கழுவிவிடும், தண்ணீர் வடிய வழி மட்டும் இருக்க வேண்டும். உங்கள் வயலில் பூப்பது வேறு வழியில் வருகிறது. அது கீழேயிருந்து ஏறுகிறது.

நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கொட்டுமே, எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் நிற்காதே, அதே விஷயம்தான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்கள். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம்: ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 15 சென்டிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். டெல்டாவின் வண்டல் மண் பொடிப்பொடியானது. கடைமடையில் மழைக்காலம் முடிந்த கையோடு உவர் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஆழத்திலேயே நின்றால், திரிக்கு எண்ணெய் தயார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு, வெயில் ஒரு நாளைக்கு 2 மில்லிமீட்டர் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாளில் ஒரு சதுர மீட்டரில் 200 லிட்டர் தண்ணீர் ஆவியாகி 1 கிலோ உப்பை விட்டுவிட்டுப் போகும். ஒரு மாவுக்கு, அதாவது 33 சென்டுக்கு, 1,300 கிலோவுக்கு மேல்! யாரும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறோம். தண்ணீர் நீராக இருக்கும்வரை உப்பைச் சுமக்கும், ஆவியானால் சுமக்காது. ஆகவே உப்பு எங்கே தங்கும் என்பதைத் தீர்மானிப்பது, நீர் ஆவியாக மாறுகிற இடம்தான். வெறும் நிலத்தில் அந்த இடம் மேற்பரப்பு. அதே நிலத்தில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பிப் பாருங்கள். வைக்கோல் இடுக்குகள் பெரியவை. அரை சென்டிமீட்டர் அகல இடுக்கில் தண்ணீர் அரை சென்டிமீட்டர்கூட ஒழுங்காக ஏறாது. திரி அங்கேயே அறுந்துபோகிறது. மேலே வெயிலும் படவில்லை, காற்றும் உரசவில்லை, வைக்கோலுக்குள் தேங்கிய ஈரக்காற்று வழியாக ஆவி மெல்ல மெல்லத்தான் கசிய முடியும். ஆவியாவது குறைந்தால் மேலே வரும் உப்பும் குறையும், அவ்வளவுதான்.

சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் ஆட்கள் சொன்னதிலும் இதே பௌதிகம் இருக்கிறது. மேல் மண்ணை லேசாகக் கிளறினால் நுண்துளைகளின் தொடர்ச்சி அறுந்து, காய்ந்த புழுதியே போர்வையாகிவிடும். வேதாரண்யம் பக்கத்து மணலில் உழவே வேண்டாம், மேலே காய்ந்து கிடக்கும், கையால் தோண்டினால் உள்ளே ஜில்லென்று ஈரம். மணலின் பெரிய துளைகள் தாமாகவே அறுந்துகொள்கின்றன. களிமண்தான் சிக்கல், கோடையில் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பின் பக்கச் சுவர்கள் வழியாகவும் ஈரத்தை விடும்.

வானிலையில் மோசமானது வெயில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் காய்ந்த மேலக்காற்று இன்னும் மோசம். இன்னொரு வேடிக்கை கோடைத் தூறல். ஒரு பாட்டம் பெய்ததும் சந்தோஷப்படுவோம், ஆனால் அது மேலே பூத்த உப்பைக் கரைத்து விரற்கடை ஆழத்தில், சரியாக இளம் வேர் இருக்கிற இடத்தில், கொண்டுபோய் இறக்கிவிடும். கழுவித் தள்ளப் பெருமழை வேண்டும்.

சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்திலேயே உளுந்து, பயறு தெளிப்பதும் நிலத்தைப் போர்த்தும் வேலைதான். செடியும் தண்ணீர் குடிக்கும், உப்பை வேர்ப்பகுதியில் விட்டுவைக்கும். ஆனால் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து குவிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை, உளுந்து உப்பு தாங்காத பயிர். மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. என்று ஒரு இடம் இருக்கும், மண்ணின் மின்கடத்துதிறன், அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் எண். அது அதிகமாக இருந்தால் உளுந்தை நம்ப வேண்டாம், வைக்கோல்தான்.

அந்த வைக்கோல் எங்கே? அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டு போடும் இயந்திரம் வந்து, சுருட்டி, லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிடுகிறது. காசு வருகிறது, குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் ஆராய்ச்சிப் பணத்தை ஒதுக்குகிறவர்கள் மேல். உப்பைத் தாங்கும் புது ரகத்துக்குப் பணமும் கிடைக்கும், படமும் எடுப்பார்கள். நிலத்தடி நீர் எந்த மாதம் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு உப்போடு நிற்கிறது என்று ஊருக்கு நாலு குழாய் இறக்கி அளக்கச் சொன்னால் அதில் யாருக்கும் ருசி இல்லை. நெல் ரகத்தைவிட அந்த நாலு குழாய்தான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. அடுத்த அறுப்பில் எல்லா வைக்கோலையும் விற்றுவிடாமல் ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி பரப்பிவிட்டு, பக்கத்திலேயே அதே அளவு இடத்தை வெறுமனே விடுங்கள். வைகாசியில் இரண்டு இடத்திலும் மேல் ஓரங்குல மண்ணைத் தனித்தனியாக எடுத்து, சோதனைக்குக் கொடுத்து, எண்களை எனக்கு எழுதுங்கள்.