ஹார்ட் ராக் கிடாரின் உறுமல் எங்கிருந்து வருகிறது?

பிளாக் சப்பாத், சவுண்ட்கார்டன், டூல், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று எந்தக் குழுவின் பாடலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியளவை நன்றாகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். அப்போதும் கிடார் கனமாகத்தான் ஒலிக்கும். ஆனால் ஒரு அக்கூஸ்டிக் கிடாரை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அந்தக் கனம் வராது. இந்த இசையைப் பிடிக்காதவர்கள் "வெறும் இரைச்சல்" என்று ஒதுக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அங்கே நடப்பது வெறும் சத்தம் அல்ல. கனம் டெசிபலில் இல்லை, ஒலியலையின் வடிவத்தில் இருக்கிறது. ராக் கிடார் கலைஞர்கள் எந்தச் சுரங்களை வாசிக்கிறார்கள், எவற்றை விட்டுவிடுகிறார்கள் என்பதைக்கூட அந்த வடிவம்தான் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

முதலில் கம்பியிலிருந்து தொடங்குவோம். எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவே மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, மின்சார இணைப்பால் வரும் ரீங்காரத்தை ஒழிக்கும் ஹம்பக்கர் பிக்கப்பை வடிவமைத்தார். இரைச்சல் குறைந்தது. கூடவே சமிக்ஞையும் வலுவானது. பிறகு ஹார்ட் ராக்குக்கு அது எவ்வளவு கைகொடுக்கும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

வலுவான சமிக்ஞை ஆம்ப்ளிஃபயருக்குள் போகும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் அதனால் மின்னழுத்தத்தைத் தர முடியாது. தாழ்வான கூரைக்கு அடியில் உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை தட்டுவது போல, அலையின் உச்சி அந்த வரம்பில் தட்டுகிறது. வளைந்து இறங்க வேண்டிய உச்சி மொட்டையாகிவிடுகிறது.

மொட்டையான அலையில் புதுச் சுரங்கள் இருக்கின்றன. வாசித்தவர் தொடாத சுரங்கள். திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்கிறது ஃபூரியேயின் கணிதம். வளைவு மென்மையாக இருந்தால் சில அலைகளே போதும். கூர்மையான விளிம்பு வந்துவிட்டால் அதை உருவாக்க உயர் அதிர்வெண்கள் நிறைய வேண்டும். மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் மூல அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு மேற்சுரங்கள் கூடுகின்றன. ஒரு பக்கம் அதிகமாக வெட்டுப்பட்டால் 2, 4, 6 மடங்குகளும் சேர்ந்துகொள்கின்றன. வெற்றிடக் குழாய் வைத்த வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயரின் சுருக்கம்) அலையைப் படிப்படியாக நசுக்குவதால் மேற்சுரங்கள் மெல்ல மெல்ல ஏறும். டையோடு வைத்த பெடல் (காலால் மிதித்து இயக்கும் சிறு மின்னணுப் பெட்டி) சட்டென்று வெட்டும், அதனால் ஒலியில் அரம் போன்ற கூர்மை வரும்.

இன்னொரு விளைவும் உண்டு. மீட்டிய கம்பியின் அதிர்வு நொடிக்கு நொடி தேய்கிறது. ஆனால் அலை வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கும்வரை வெளியே வரும் உயரம் மாறுவதில்லை. அதனால்தான் டிஸ்டார்ஷன், அதாவது அலையை இப்படி வெட்டும் விளைவு, போட்ட கிடாரில் ஒரே சுரம் நீண்ட நேரம் தேயாமல் நிற்கிறது.

ஆரம்பத்தில் இதெல்லாம் கோளாறு. அதைத் தேடிப்போய்ச் செய்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். லிங்க் ரே 1958-இல் வெளியான தன் 'ரம்பிள்' இசைக்காக ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். தி கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், 1964-இல் வந்த 'யூ ரியலி காட் மீ' பாடலின் ஒலிக்காகச் சிறிய ஆம்ப் ஒன்றின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கீறினார். ஸ்பீக்கரைக் கிழிக்காமலேயே அந்த உறுமலைத் தரும் பெட்டி, மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1962-இலேயே கடைக்கு வந்திருந்தது. அப்புறம் பெடல்கள் பெருகின. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழு 1993-இல் வெளியிட்ட 'சயாமீஸ் ட்ரீம்' ஆல்பத்தில் கேட்கும் அந்த அடர்த்தியான கிடார் சுவருக்குப் பின்னால் பிக் மஃப் என்ற ஃபஸ் பெடல் இருக்கிறது. அதற்குள் அடுத்தடுத்து இரண்டு கட்டங்களில் டையோடுகள் அலையை வெட்டுகின்றன. முதல் கட்டத்தில் வெட்டுப்பட்டதை இரண்டாவது கட்டம் மறுபடியும் பெரிதாக்கி மறுபடியும் வெட்டுகிறது.

சரி, ஒரு சுரம் மட்டும் போனால் மேற்சுரங்கள் கூடும். இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால்? கொஞ்சம் எண்கள் வரும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ராக் இசையின் அடிப்படைச் செங்கல் பவர் கார்டு. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. கிடாரின் அடிக்கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123.5. இந்த இரண்டும் வெட்டுப்படும் அலைக்குள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக வெளியே வருகின்றன. கழித்துப் பாருங்கள்: சுமார் 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் அடிக்கம்பியின் அதிர்வெண் ஏறக்குறைய அதுவேதான். அதாவது கிடார் கலைஞர் வாசிக்காத, கிடாரால் வாசிக்கவே முடியாத ஒரு கீழ் ஸ்தாயிச் சுரத்தை ஆம்ப் உண்டாக்குகிறது. கூட்டினால் சுமார் 206 ஹெர்ட்ஸ். அதுதான் விட்டுப்போன காந்தாரம், ஒரு ஸ்தாயி மேலே! பவர் கார்டைக் கேட்டு அது பாதிச் சுரக்கூட்டு என்று நமக்குத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் காந்தாரத்தையும் கையாலேயே வாசித்துவிட்டால் இன்னும் நிறைவாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது, கலங்கிவிடும். கிடாரின் பஞ்சமம் இயற்கையான 3:2 விகிதத்துக்கு மிக நெருக்கமானது. காந்தாரம் அப்படியில்லை. சம இடைவெளிச் சுருதியமைப்பில் அது 5:4 விகிதத்திலிருந்து காதுக்குத் தெரியும் அளவுக்கு மேலே விலகி நிற்கிறது. 103 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 103.8-இல் இருக்கிறது. சாதாரணமாக வாசித்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. டிஸ்டார்ஷனுக்குள் போனதும் அந்தச் சின்ன விலகல் பெருகுகிறது. காந்தாரத்தின் இருமடங்கிலிருந்து ஷட்ஜத்தைக் கழித்தால் வரும் 125.2 ஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இருக்கும் பஞ்சமத்தின் 123.5-உடன் மோதுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 2 தடவை ஒலி ஏறி இறங்கித் தள்ளாடும். மேற்சுரங்களில் இந்த மோதல் இன்னும் வேகமாகி, மொத்தமும் சேறாகிவிடும். ஹார்ட் ராக் பாடல்களில் பவர் கார்டு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அந்த ஆம்ப் கலங்காமல் ஏற்றுக்கொள்ளும் கூட்டு அது.

டிராப் டி சுருதியும் இதே தேவையிலிருந்துதான் பரவியது. அடிக்கம்பியை 73.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கீழிருக்கும் மூன்று கம்பிகளும் ச-ப-ச என்று அமைந்துவிடும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து பவர் கார்டைப் பிடிக்கலாம், அப்படியே நகர்த்திக்கொண்டு ஓடலாம். சவுண்ட்கார்டன், டூல், ரேஜ் எகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுக்களின் வேகமான கீழ்ச்சுர ரிஃப்களில் (திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிடார் இசைத்துணுக்குகளில்) பல இந்த வசதியால் பிறந்தவை.

இன்னும் கீழே போனவர் பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி. பதினேழு வயதில் உலோகத்தகடு ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், அதுவும் கம்பியை அழுத்தும் கையில். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அந்த மூன்று அரைச்சுரத்தில் ஏறக்குறைய 30 சதவீத இழுவிசை குறைந்துவிடும். விரலுக்கு ஆறுதல், ஒலிக்கு ஆழம். அதன் பின் வந்த எத்தனையோ மெட்டல் குழுக்கள் அந்த ஆழத்தைத்தான் துரத்தின.

இவ்வளவும் செய்து, வரும் ஒலியை நேரடியாக ஹெட்போனில் கேட்டால் சகிக்காது. கிடார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை. அதன் அந்த இயலாமைதான் டிஸ்டார்ஷனின் கீச்சொலியை வடிகட்டி உறுமலை மட்டும் நம்மிடம் சேர்க்கிறது.

நம் மூளை ஏன் இதற்கு இப்படி மயங்குகிறது? 2015-இல் லுக் அர்னால் குழுவினர் மனித அலறல்களை ஆராய்ந்தார்கள். அலறலின் ஒலி வலிமை நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது, சாதாரணப் பேச்சு இந்தப் பகுதியை அதிகம் தொடுவதில்லை. அந்தக் கரகரப்பைக் கேட்டதும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்கிறது. டிஸ்டார்ஷன் கிடாரின் மோதும் மேற்சுரங்களிலும் இதே வேகத்து ஏற்ற இறக்கம் உண்டு, சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னெலின் உச்சக் குரலிலும் உண்டு. ஆபத்துக்கான மணி அடிக்கிறது, ஆனால் ஆபத்து எதுவும் இல்லை என்று நமக்குத் தெரியும். எனக்கு இந்த இசை தரும் கிளர்ச்சியில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பங்கு எதிர்பார்ப்பு. பிக்ஸீஸ் குழு பழக்கி, நிர்வாணா குழு உலகம் முழுக்கப் பரப்பிய முறை ஒன்று இருக்கிறது: சரணம் அடங்கிய குரலில், பல்லவி வெடிப்பில். நிர்வாணாவின் கர்ட் கோபேன் காலால் பெடலை மிதிக்கும் அந்த நொடிக்கு முன்பே நமக்கு உடம்பு சிலிர்க்கத் தொடங்கிவிடும். மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலோரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் படம் பிடித்துக் காட்டியது. பங்கேற்றவர்கள் தங்களுக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். உச்சத் தருணத்துக்குச் சற்று முன்பே மூளையின் காடேட் பகுதியில் டோபமைன் சுரந்தது, உச்சத்தில் அக்கம்பென்ஸ் பகுதியில் சுரந்தது. பிடித்த பாட்டை நூறாவது தடவை கேட்கும்போதும் சிலிர்ப்பதற்கு இது நல்ல விளக்கம். வரப்போவது தெரிந்திருப்பதே இன்பத்தின் ஒரு பாதி.

கனம் அலையின் வடிவத்தில்தான் இருக்கிறது என்பதால் ரசிகர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான், ராக் கச்சேரி அதைச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான்கள் எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. அலையின் வடிவம் பெரிதாகக் குலைவதில்லை, மேற்சுரங்கள் அப்படியே காதுக்கு வருகின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னாலேயே நில்லுங்கள், ரிஃப் கனம் குறையாமல் கேட்கும்.