அபாகோவில் பாய்ப்படகு வாடகைக்கு எடுப்பதற்கு முன்

பஹாமாஸின் அபாகோ தீவுகளைப் பாய்ப்படகில் சுற்றிவர விரும்புவோர் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு என்னிடம் வருகிறார்கள். திங்கள் ஹோப் டவுன், செவ்வாய் கிரேட் குவானா கீ ('கீ' என்றால் சிறு தீவு), புதன் கிரீன் டர்ட்டில் கீ, சனிக்கிழமை காலை விமானம். வாடகைப் படகுகளுக்கு ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவராக இருக்கும் எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே கவலை வந்துவிடும்.

அபாகோ எளிதான கடல்தான். ஒரு பக்கம் பெரிய அபாகோ தீவு, மறுபக்கம் வரிசையாகச் சிறு தீவுகளும் பவளப்பாறைகளும். நடுவே ஆழம் குறைந்த, ஒதுக்கமான நீர்ப்பரப்பு. பெரிய தீவில், படகுகள் புறப்படும் ஊரான மார்ஷ் ஹார்பரிலிருந்து பல தீவுகளுக்குச் சில மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வடக்கே கிரீன் டர்ட்டில் கீக்குப் போக வேண்டுமானால் வழியில் வேல் கீ இருக்கிறது. அதன் உட்பக்கம் மணல்திட்டு. அடிப்பகுதி ஆழமாக இறங்கும் படகுகள் தீவின் வெளிப்பக்கமாக, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஆழ்கடலிலிருந்து வரும் பேரலை அங்கே ஆழம் திடீரெனக் குறைவதால் எழும்பி, படகு போகும் வழியின் குறுக்கே உடைகிறது. உள்ளூர்க்காரர்கள் இதை 'ரேஜ்' என்கிறார்கள். எங்கோ தொலைவில் வீசிய புயலின் அலை வந்து சேர்ந்தாலும் போதும். இங்கே வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும் நாளிலும் அந்த வழி மூடிக்கிடக்கும். சில வேளை நாள்கணக்கில்.

சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவருக்கு அப்போது மனம் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். 'கொஞ்ச தூரம்தானே, போய்விடலாம்' என்று சொல்லும். நான் அஞ்சுவது அந்த நிமிடத்தைத்தான். வடக்கே போனால், புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே வேல் கீயைத் தாண்டித் தெற்கே வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஒரு வாரமே இருக்கிறதென்றால், வடபகுதியை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஹோப் டவுன், மேன்-ஓ-வார், குவானா ஆகியவையே ஒரு வாரத்துக்குத் தாராளம்.

மார்ஷ் ஹார்பர் கடக ரேகைக்கு வடக்கே, ஏறக்குறைய 26.5 பாகையில் இருக்கிறது. அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை வட அமெரிக்காவின் குளிர்க்காற்று அடுத்தடுத்து இங்கே வந்து சேரும். வழக்கமான கிழக்குக் காற்று தெற்குக் காற்றாகி, மேற்குக் காற்றாகி, பிறகு வடக்கிலிருந்து பலமாக வீசும். சிறு தீவுகளின் மேற்குப் பக்க நங்கூர இடங்கள் கிழக்குக் காற்றுக்குத்தான் ஒதுக்கம்; காற்று மேற்கிலிருந்து வீசும் இரவில் அங்கே தூக்கம் இருக்காது. அன்றைக்கு மூடிய துறைமுகம் ஒன்றில் இடம் பிடித்திருக்க வேண்டும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2019 செப்டம்பர் 1 அன்று ஐந்தாம் வகைப் புயலான டோரியன் கரையேறியது இந்த அபாகோவில்தான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை யாரையும் வரச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏப்ரலும் மே மாதமும் அருமை.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது படுக்கையறைகளை எண்ணுவதற்கு முன் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள். கடல்மட்டத்தின் ஓத ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர். ஆழம் குறைந்த துறைமுக வாயில்களில் அந்த ஒரு மீட்டர்தான் உள்ளே விடுவதா என்று முடிவு செய்யும். இரட்டை உடல் கொண்ட, நீருக்குள் அதிகம் இறங்காத கேட்டமரான் படகுகளுக்கு இங்கே அதிக மதிப்பு இருப்பது இதனால்தான்.

வரைபடத்தோடு கண்ணையும் நம்ப வேண்டிய கடல் இது. அடர்நீலம் ஆழம், வெளிர்வெள்ளை மணல்திட்டு, பழுப்பு என்றால் பாறை அல்லது கடற்புல். சூரியன் உயரத்தில், உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் இந்த நிறங்கள் தெரியும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் நங்கூரம் போட்டுவிடுங்கள். மணலில் போடுங்கள், புல்லில் பிடிக்காது. சங்கிலியைக் கணக்கிடும்போது நீரின் ஆழத்தோடு, நீருக்கு மேலே படகு முகப்பின் உயரத்தையும் ஏறப்போகும் ஓதத்தையும் கூட்டுங்கள். மொத்தம் ஐந்து மீட்டர் என்றால், ஏழு மடங்காக 35 மீட்டர் விடுவேன். பிறகு நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப்போய் நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

நிறுவனங்கள் உங்கள் படகோட்டும் அனுபவத்தை எழுதித்தரச் சொல்லும். அதில் தயவுசெய்து மிகைப்படுத்தாதீர்கள்; உங்கள் பிள்ளைகளும் அந்தப் படகில்தான் இருப்பார்கள். ஐயம் இருந்தால், முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் ஒரு ஸ்கிப்பரை அமர்த்திக்கொள்ள முடியுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.