மூலையில் மட்டும் ஏன் கருகுகிறது?

தேக்குப் பலகையில் நடுவீட்டுக் கோலத்தை லேசரில் பொறித்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நேர்க்கோடெல்லாம் ஒரே பழுப்பாக வரும், கோடு திரும்புகிற மூலைகளில் மட்டும் கருகிப் பொட்டு விழும். நம் செட்டிநாட்டுக் கோலமோ கட்டமும் மூலையுமாக இருப்பது, அதனால் பலகை முழுக்கப் பொட்டுதான். பழைய வீட்டு பர்மா தேக்கில் இப்படி ஆனால் மனசு வலிக்கும். லேசரை மாற்ற வேண்டாம், காரணம் வேகத்தில் இருக்கிறது.

இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்த கோலத்தை லேசர்ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் ஜி-கோடு வரிகளாக, அதாவது எங்கே, எந்த வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டளைகளாக மாற்றி, யுஎஸ்பி வழியே லேசர் இயந்திரத்தை இயக்கும் போர்டுக்கு அனுப்பும். மூன்றுமே, அதாவது இந்த இரண்டும் போர்டுக்குள் ஓடி அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் ஜிஆர்பிஎல் என்ற ஃபர்ம்வேரும், இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஜிஆர்பிஎல்லை 2009-ல் தொடங்கியவர் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நார்வேக்காரர். வெறும் 2 கிலோபைட் ராம் உள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில் அது நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை மோட்டாருக்கு அனுப்புகிறது, எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சரி, மூலைக்கு வருவோம். லேசர் தலைக்கு எடை உண்டு, முழு வேகத்தில் வந்து சட்டென்று திரும்ப முடியாது. அதனால் ஜிஆர்பிஎல் வரப்போகும் பதினாறு நகர்வுகளை முன்கூட்டியே பார்த்துக் கணக்குப் போட்டு, எந்த மூலைக்கு எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று முடிவு செய்யும். நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டரில் ஓடுகிறது, முடுக்கம் நொடிக்கு நொடி 500 மில்லிமீட்டர், மூலையில் எவ்வளவு வேகம் விடலாம் என்று சொல்லும் $11 அமைப்பு வழக்கமான 0.010 என்று வைத்துக்கொண்டால், செங்கோண மூலையில் வேகம் சுமார் 200-க்கு இறங்கிவிடும். லேசரின் சக்தி மட்டும் அப்படியே நின்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏழு மடங்கு வெப்பம். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் துணி என்ன ஆகுமோ அதுதான். இது நடப்பது மூலைக்கு முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர் சொச்சத்தில்தான், அதனால்தான் கோடாகத் தெரியாமல் பொட்டாகத் தெரிகிறது.

ஜிஆர்பிஎல்லின் 1.1 பதிப்பில் இதற்கு லேசர் முறை வந்தது. $32=1 என்று கொடுத்து அந்த முறையை இயக்கிவிட்டு, நிலையான சக்தி தரும் எம்3-க்குப் பதில் எம்4 கட்டளையைப் பயன்படுத்தினால், தலை எந்த வேகத்தில் போகிறதோ அதே விகிதத்தில் சக்தியும் ஏறி இறங்கும். சக்தியின் அளவைச் சொல்லும் எஸ் மதிப்பை 600 என்று கேட்டிருந்தால் மூலையில் 80-க்குப் பக்கத்தில் வந்து, திரும்பியதும் மறுபடி ஏறும். தலை நின்றால் லேசரும் அணைந்துவிடும், பாதுகாப்புக்கும் அது நல்லது. ஆனால் $32 பூஜ்யமாக இருந்தால் பலன் கிடைக்காது: ஜிஆர்பிஎல் முதலில் மரம் குடையும் இயந்திரங்களுக்காக எழுதப்பட்டது, அங்கே எம்4 என்றால் குடையும் முனையை எதிர்த்திசையில் சுற்று என்று அர்த்தம். நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எம்4-லும் சிலருக்கு மூலை வெளிறி வரும், ஏனென்றால் லேசர் ஒளியைத் தரும் டயோடு ஒரு அளவு சக்திக்குக் கீழே ஒளியே தராது, மரமும் ஒரு வெப்பத்துக்குக் கீழே நிறம் மாறாது. அப்போது ஓடும் வேகத்தைக் குறைத்து எஸ் மதிப்பையும் அதற்கேற்ப இறக்குங்கள், மூலைக்கும் நேர்க்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். கழிவுத் தேக்கில் சின்னச் சதுரம் ஒன்றைப் பொறித்துப் பார்த்தபின் நல்ல பலகையைத் தொடுங்கள்.

நீல டயோடின் 450 நானோமீட்டர் ஒளிக்கென்று செய்த பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது, பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்தால் அணைத்துவிடுங்கள். அப்புறம், ரெக்சினில் பெரும்பாலும் பிவிசி இருக்கும், அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். அதை லேசருக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.