பில்லில் டிசைனுக்கு ஒரு வரி

ஃப்ளெக்ஸ் கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். டிசைன் அதற்குள் அடக்கம். கல்யாணப் பத்திரிகையிலும் அதே கதைதான். பில்லிலேயே இடம் இல்லாத வேலைக்கு மரியாதை எங்கிருந்து வரும்? டிசைனர்களான நாம் பழியை வாடிக்கையாளரின் ரசனைமேல் போட்டுவிடுகிறோம். அது நியாயமில்லை. டிசைனை மதிக்கும் சமூகங்கள் அந்த மதிப்பைப் பள்ளியிலும் தெருவிலும் வளர்த்தெடுத்தவை.

சுவிட்சர்லாந்தில் கட்டாயப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். தச்சு, மின்வேலை வரிசையில் கிராஃபிக் டிசைனும் உண்டு: நான்கு ஆண்டுப் பயிற்சி, தேர்வு, மத்திய அரசு அங்கீகரிக்கும் சான்றிதழ். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் செஞ்சிடுவான்' என்று அங்கே எளிதில் சொல்லிவிட முடியாது. தெருவும் பாடம் நடத்துகிறது. பொது இடப் போஸ்டருக்கு 90.5க்கு 128 செ.மீ. என்ற அளவு வெகுகாலமாக நிலைத்திருக்கிறது. பக்கத்துப் போஸ்டரும் அதே அளவில் நிற்கும்போது, பெரிதாக அடித்து முந்த வழியில்லை. எழுத்தையும் வெற்றிடத்தையும் சரியாக அமைத்துத்தான் கண்ணை இழுக்க வேண்டும். ஆண்டின் சிறந்த போஸ்டர்களுக்கு 1941 முதல் பரிசும் கொடுத்தார்கள். ஒரே அறிவிப்பை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியில் அடுத்தடுத்து அச்சிட வேண்டிய நாடு என்பதால், பக்கத்தைக் கட்டம் பிரித்து அடுக்கும் முறைக்கு அங்கே அன்றாடத் தேவையும் இருந்தது.

இந்தியாவிலும் விதை விழாமல் இல்லை. டிசைன் கல்வி பற்றி இந்தியாவுக்காக அமெரிக்க டிசைனர்களான ஈம்ஸ் தம்பதி எழுதிய அறிக்கை 1958இல் வந்தது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து டிசைனர் ஆர்மின் ஹோஃப்மன்கூட அங்கே வந்து கற்பித்தார். ஆனால் சாதாரணப் பள்ளியில் ஓவிய வகுப்பு கணக்கு வாத்தியார் கேட்டதும் கைமாறுகிற வகுப்பாகவே இருக்கிறது. அதனால்தான் படித்த வாடிக்கையாளரும் 'கொஞ்சம் எடுப்பா இருக்கணும்' என்பதற்குமேல் சொல்லத் தெரியாமல் திணறுகிறார். அவருக்குக் கேள்விகளால் உதவ வேண்டியது நாம்தான். யார் படிப்பார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, நின்றா, வண்டியில் போய்க்கொண்டேவா? இந்தப் பதில்களை எழுதி வாங்காமல் கோரல்டிரா போன்ற டிசைன் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

தமிழில் அடிக்கடி வரும் தகராறு வரி இடைவெளி. ஆங்கிலத்தில் 10 புள்ளி (எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 12 புள்ளி போதும். தமிழில் மேலே 'கி', 'கீ'யின் வளைவுகளும் கீழே 'கு', 'பூ'வின் கால்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும்; பல எழுத்துருக்களுக்கு 14, 15 தேவை. 'இடம் வீணாகுது, இன்னும் ரெண்டு வரி சேருங்க' என்பார் வாடிக்கையாளர். வாதாட வேண்டாம். இரண்டு வடிவத்தையும் உண்மையான அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, படிக்கப்படும் தூரத்தில் அவரை நிற்க வையுங்கள். வாட்ஸ்அப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது.

கொட்டேஷனில் டிசைன், அச்சு, டெலிவரி மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். டிசைனுக்குப் பாதி முன்பணம். இரண்டு சுற்றுத் திருத்தம் அடக்கம். மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்பில் நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டி எடுக்கப்படும் கூடுதல் ஓரம்) விட்டு, எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட வேண்டும். யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவை இப்படி மாற்றாமலும் பிடிஎஃப்பிலேயே பதிக்காமலும் விட்டு, அது அச்சகக் கணினியிலும் இல்லாவிட்டால், தமிழ் வரி ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். கர்வ்ஸ் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழையைத் தட்டச்சுச் செய்து திருத்த முடியாது. அதனால் பெயர், தேதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்கு முன்பே தாளில் காட்டி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.