‘ஸ்கிராட்ச் பில்ட்’: கீறலா, கோடா, அடியா?

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியை, சிறிய அளவில் செய்த மாதிரி ரயில் நிலையம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர், இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டார். ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ என்றேன். அவர் முகம் சுருங்கியது. அவர் அறிந்த ஸ்கிராட்ச், தகட்டின் மேல் விழுந்துவிட்ட கீறல். தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய குறை. நல்ல வேலைக்குப் போய் அப்படி ஒரு பெயரா என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் சொல்லின் வேரைத் தேடினேன்.

பொருள் எளியது. ஆயத்த உறுப்புகள் அடங்கிய பெட்டி எதையும் வாங்காமல், தகடு, அட்டை, கம்பி, மரக்குச்சி போன்ற மூலப்பொருள்களை வெட்டி ஒட்டி ஒரு மாதிரியை முழுவதுமாகத் தானே உருவாக்குவதுதான் ஸ்கிராட்ச் பில்டிங். சமையலிலும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குகிறது. பாக்கெட் மாவு வாங்கி இட்லி சுடுவது ஒன்று. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டிச் சுடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் ‘ஃப்ரம் ஸ்கிராட்ச்’.

இந்த ஸ்கிராட்ச், பொருளின் மேல் விழும் கீறல் அன்று. மண்ணில் கீறிய கோடு. அக்கால இங்கிலாந்தின் ஓட்டப் பந்தயங்களில் தரையைக் கீறித் தொடக்கக் கோடு போடுவார்கள். வேகம் குறைந்தவருக்குச் சில கஜம் முன்னே நின்று ஓடச் சலுகை உண்டு. சலுகை பெறாதவர் அந்தக் கோட்டிலிருந்தே ஓட வேண்டும். குத்துச்சண்டையிலும் இப்படி ஒரு கோடு இருந்தது. 1838-இல் வகுக்கப்பட்ட லண்டன் விதிகளின்படி, அடிபட்டு விழுந்தவர் 30 விநாடி ஓய்வுக்குப் பிறகு 8 விநாடிக்குள், யாரும் தாங்கிப் பிடிக்காமல், அரங்கின் நடுவே உள்ள கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. முன்சலுகை இல்லை, கைத்தாங்கல் இல்லை. பெட்டி வாங்காமல் பாலம் கட்டுகிறவரின் நிலையும் இதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியென்றால் சரி” என்றார்.

நம் தெருக்களுக்கும் அந்தக் கோடு புதிதல்ல. ஓட்டாஞ்சில்லாலோ செங்கல் துண்டாலோ தரையில் கட்டம் கிழித்துப் பிள்ளைகள் ஆடும் பாண்டி ஆட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘ஹாப்ஸ்காட்ச்’. அதில் வரும் ‘ஸ்காட்ச்’ என்பதற்கும் கீறிய கோடு என்றே பொருள். ஸ்காட்லாந்து நாட்டோடு அதற்கு உறவில்லை. தமிழிலும் கோட்டைக் ‘கிழிக்கிறோம்’. ஈழத் தமிழர் படம் வரைவதைப் ‘படம் கீறுதல்’ என்றே சொல்கிறார்கள். கீறுவதும் வரைவதும் ஒரே கையசைவு என்பதை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

இருந்தாலும் ‘கீறல் கட்டுமானம்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். தமிழ்க் காதுக்கு அது விரிசல் விட்ட சுவரைத்தான் நினைவூட்டும். ‘சுழியத்திலிருந்து’ என்பதும் பொருந்தவில்லை. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடையில் வாங்கிய அட்டையும் கையில் ஒரு அளவுகோலும் இருக்கும்போது நாம் சுழியத்தில் இல்லை. ‘கைவினை’ அழகான சொல், ஆனால் மிக அகலமானது. பெட்டியில் வந்த உறுப்புகளைப் பொருத்துவதும் கையால் செய்வதுதானே?

நான் முன்வைக்கும் சொல் ‘அடிமுதல் கட்டுதல்’. பெயர்ச்சொல்லாக, ‘அடிமுதல் ஆக்கம்’. நடந்ததை அடிமுதல் சொல் என்று கேட்கிறோம். அடிமுதல் நுனிவரை என்கிறோம். புதிதாகப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய தொல்லை இல்லை. அடி என்றால் அடித்தளம், காலடி, எடுத்துவைக்கும் எட்டு. கோட்டில் நிற்கும் ஓட்டக்காரனின் முதல் எட்டும் அதற்குள் அடங்குகிறது. பேச்சிலும் தடையில்லாமல் வருகிறது: “இந்தப் பாலம் வாங்கியதா, அடிமுதல் கட்டியதா?”

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ‘கிட்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். டச்சு மொழியில் பலகைகளை வளையமிட்டுச் செய்த மரப்பாத்திரத்தின் பெயர் அது. ஆங்கிலத்தில் படைவீரன் சுமக்கும் உடைமைகளைக் குறித்து, பிறகு உறுப்புகளின் தொகுதிக்கு வந்தது. தமிழில் ‘பொருத்துதொகுதி’ போதும்.

‘மினியேச்சர்’ என்ற சொல்லின் கதை இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது. அதில் ‘சிறியது’ என்ற பொருளே முதலில் இல்லை. லத்தீனில் ‘மினியம்’ என்பது ஈயத்திலிருந்து கிடைக்கும் செம்பொடி. கையெழுத்துப் படிகளில் அந்தச் செந்நிறத்தால் எழுத்துகளை அழகுசெய்ததிலிருந்து, ஏட்டில் வரையும் ஓவியத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஏட்டு ஓவியங்கள் சிறியவையாக இருந்ததால், போகப் போகச் சிறுமையே பொருளாகிவிட்டது. நாம் ஏறும் மினி பஸ்ஸில் இருப்பதும் அதே சொல்லின் முதற்பாதிதான். அதே ஈயச் செம்பொடியைத்தான் இரும்புப் பாலங்கள் துருப்பிடிக்காமலிருக்க முதற்பூச்சாக வெகுகாலம் பூசிவந்தார்கள். சின்னஞ்சிறு பாலத்துக்குச் செந்நிற அடிப்பூச்சு கொடுத்த மாலையில் இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் தூரிகையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன். தமிழில் இதற்குச் ‘சிற்றுரு’ என்பது கச்சிதமான சொல்.

‘நடைமேம்பாலம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நடைமேடையிலிருந்து நடைமேடைக்கு நடந்து கடக்கும் மேம்பாலம், கேட்டவுடன் புரிகிறது. மேல், பாலம் இரண்டும் நேரே புணர்ந்தால் மேற்கூரை போல ‘மேற்பாலம்’ என்றுதான் வர வேண்டும். வழக்கு, மேம்பாட்டைப் போல ‘மேம்பாலம்’ என்று மெல்லினத்தைத் தேர்ந்துகொண்டது. நல்ல தேர்வு.

அடிமுதல் கட்டுவது இங்கே விருப்பம் மட்டுமல்ல, தேவையும்கூட. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ஆனால் ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்கள் பெட்டியில் வரும் அளவுக்கு, ராயபுரமோ கொருக்குப்பேட்டையோ வருவதை நான் பார்த்ததில்லை. மாதிரி ரயில்களுக்கு நான் பின்பற்றும் ‘எச்ஓ’ அளவு, அசலில் 87-இல் ஒரு பங்கு. நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள 1,676 மில்லிமீட்டர், அந்தக் கணக்கில் 19.3 மில்லிமீட்டராக வர வேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளங்களின் இடைவெளியோ 16.5. உலகின் பிற பகுதிகளுக்காகச் செய்த பொருள் நம் ஊருக்குப் பொருந்தாததற்கு இந்த 2.8 மில்லிமீட்டரே சாட்சி.

மின்கம்பிக்கு மேலே போதிய இடைவெளி விட்டு, பாலத்தின் அடிப்பாகத்தைத் தண்டவாளத்திலிருந்து 6.25 மீட்டர் உயரத்தில் வைத்தேன். மாதிரியில் 72 மில்லிமீட்டர். ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டர் என்று கொண்டால் மாதிரியில் 1.7 வருகிறது. பக்கத்துக்கு நாற்பதுக்கு மேல் படிகள். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி, சாய்வு மாறாமலிருக்க ஒரு மரக்கட்டைத் தாங்கியில் அடுக்கி ஒட்டினேன். கைப்பிடிக்குக் கீழே வரும் குறுக்குமறுக்குப் பட்டைகளுக்கு, கட்டத்தாளில் படம் வரைந்து, அதன்மேல் இருபக்க ஒட்டுநாடாவை விரித்து, பட்டைகளைக் கோட்டின் மேலேயே பதித்தேன். பிளாஸ்டிக் தகட்டை முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டியதில்லை. கத்திமுனையால் ஒரு கோடு கீறி மடக்கினால் நேராக முறிந்துவிடும். சொல்லின் பிறப்போடு தொடர்பில்லாவிட்டாலும், இந்த வேலையில் கீறாத நாளே இல்லை.

எல்லைக்கோடு எங்கே என்ற வாதம் இந்தப் பொழுதுபோக்கில் ஓயாது. பழைய நிலையங்களில் தேய்ந்த தண்டவாளத்தையே தூணாக நட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப்போல நானும் மாதிரித் தண்டவாளத் துண்டுகளைத் தூணாக நட்டேன். தண்டவாளம் கடையில் வாங்கியதுதான். இதனால் பாலம் அடிமுதல் ஆக்கம் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்: தூணாவதற்கென்று யாரும் அதைச் செய்துதரவில்லை, அதைத் தூணாக்கியது கட்டியவர். ஆயத்தப் படிக்கட்டை அப்படியே வாங்கி ஒட்டியிருந்தால் அது வேறு. இரண்டு மூன்று பெட்டிகளின் உறுப்புகளைக் கலந்து புதிய உருவம் ஆக்குவதை ‘கிட் பேஷிங்’ என்கிறார்கள். ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றில் சேர்த்து ஒட்டுமா வளர்க்கும் நாட்டில் அதற்குச் சொல் தேட வேண்டுமா? ‘ஒட்டுக்கட்டு’ என்பேன்.

கடந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது, கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “வாங்கியது இல்லை. அடிமுதல் கட்டியது. படிகளை எண்ணிப் பாருங்கள்.”